எலி தும்மாது, ஃபெரட் தும்மும்: ஃப்ளூ தடுப்பூசிச் சோதனை பற்றிய கேள்வி – பதில்

ஃப்ளூ தடுப்பூசிகளை விலங்குகளில் எப்படிச் சோதிக்கிறார்கள், அந்த முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டு கொங்குப் பகுதி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில. கால்நடை நுண்ணுயிரியல், நோய்த்தடுப்பியல் துறையினர் பதில் தருகிறார்கள்.

ஃப்ளூ ஊசி பற்றிய செய்திகளில் எல்லாம் 'ஃபெரட்டில் சோதித்தார்கள்' என்று வருகிறது. எலி, முயல் இருக்க, நம்மூரில் கண்ணில் படாத இந்தப் பிராணி எதற்கு?
– கல்லூரி மாணவி, ஈரோடு

மனிதரிடமிருந்து எடுத்த ஃப்ளூ வைரஸை அப்படியே மூக்கில் விட்டால், ஏறக்குறைய நம்மைப் போலவே நோய்ப்படும் சிறு விலங்கு ஃபெரட். காய்ச்சல் வரும், மூக்கு ஒழுகும், தும்மும், சோர்ந்து படுக்கும், பக்கத்துக் கூண்டில் இருப்பதற்கும் ஒட்டவைக்கும். பவானிசாகர், மோயாறு பக்கம் நீர்நாய் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பம்தான் ஃபெரட்டும்.

1933ல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் ஃப்ளூ நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டு நோயை வரவழைத்தார்கள். மனித ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ் என்பது அப்படித்தான் உறுதியானது. லெய்ட்லா அதற்கு முன்பே நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஆய்வுக்கு ஃபெரட்டுகளைப் பயன்படுத்தி வந்ததால் அவை கைவசம் இருந்தன. 1936ல் நோயுற்ற ஒரு ஃபெரட் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற ஆய்வாளரின் முகத்தில் தும்ம, அவருக்கும் ஃப்ளூ வந்தது.

ஃபெரட் நம்மைப் போல நோய்ப்படக் காரணம் மூக்குக்குள் இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் செல்லைப் பற்றிக்கொள்ளச் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் வேண்டும். அது செல்லின் மேல் இரண்டு விதமாக இணைந்திருக்கும். மனித ஃப்ளூ வைரஸ் 2,6 இணைப்பைத் தேடும். பறவை ஃப்ளூ வைரஸ் 2,3 இணைப்பைத் தேடும். ஃபெரட்டின் மேல் சுவாசப் பாதையில் நம்மைப் போலவே 2,6 இணைப்பு மிகுதி.

ஃபெரட்டுக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. வைரஸ் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருக்கிறது. மாறிவிட்டதா என்று பார்க்க, முன்பு ஃப்ளூ வராத ஃபெரட்டுக்கு ஒரு ரகத்தைக் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து அதன் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) எடுப்பார்கள். அந்தச் சீரம் தன் சொந்த ரகத்தைத் தடுக்கும் அளவோடு ஒப்பிட, புது ரகத்தைத் தடுக்கும் அளவு 8 மடங்கோ அதற்கு மேலோ குறைந்தால் வைரஸ் நழுவிவிட்டது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் ஊசி ரகங்களை அறிவிக்கும்போது இந்தச் சீரங்களின் முடிவும் மேசையில் இருக்கும்.

பால்ப்/சி ரக ஆய்வக எலிகளில் ஃப்ளூ தடுப்பூசி ஒன்றைச் சோதிக்கப் போகிறேன். எலியைத் தேர்ந்தெடுத்தது சரியா? எந்த இடத்தில் தவறு அதிகம் நடக்கும்?
– கால்நடை மருத்துவ முதுநிலை மாணவர், நாமக்கல்

ஊசி எந்த வகை எதிர்ப்பைத் தூண்டுகிறது, எவ்வளவு மருந்து போதும், ஆன்டிபாடி காக்கிறதா டி செல் (தொற்றிய செல்லை அழிக்கும் வெள்ளணு) காக்கிறதா என்று பிரித்துப் பார்க்க எலியை விட்டால் வழியில்லை. பரவுவதைத் தடுக்குமா என்று பார்க்க மட்டும் எலியை நம்பாதீர்கள். எலி தும்மாது, இருமாது, அடுத்த எலிக்குச் சரியாகப் பரப்பாது. காய்ச்சலுக்குப் பதிலாக அதன் உடல் சூடு இறங்கும். எனவே எடைக் குறைவுதான் உங்கள் அளவுகோல்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆய்வக எலி ரகங்கள் பெரும்பாலானவற்றில் எம்எக்ஸ்1 என்ற மரபணு வேலை செய்யாது. ஃப்ளூவை ஆரம்பத்திலேயே மடக்கும் மரபணு அது. நமக்கு அதற்கு இணையானது இருக்கிறது. ஆகவே எலி சாவதை வைத்து வைரஸின் கொடுமையை மனிதருக்குக் கணக்கிட முடியாது.

6 முதல் 8 வாரப் பெண் எலிகள், ஒவ்வொன்றும் சுமார் 20 கிராம், வந்து சேர்ந்ததும் ஒரு வாரம் பழகவிடுங்கள். ஊசிக்கு முன் ரத்தம் எடுத்து வையுங்கள். இதை விட்டுவிட்டுப் பின்னால் தவிப்பவர்கள் நிறைய. மனிதருக்கு ஒரு ரகத்துக்கு 15 மைக்ரோகிராம் எச்ஏ புரதம் (வைரஸ் செல்லைப் பற்றப் பயன்படுத்தும் மேற்புரதம்) என்றால் எலிக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து தொடங்கி, கீழே இன்னும் இரண்டு அளவுகளாவது வையுங்கள். அதிக அளவு மட்டும் கொடுத்தால் எல்லா ஊசியும் நல்ல ஊசியாகத்தான் தெரியும். தொடையில் ஓர் இடத்துக்கு 50 மைக்ரோலிட்டருக்கு மேல் போடாதீர்கள். மீதி வெளியே கசிந்துவிடும். 0, 21ஆம் நாள் ஊசி, 35ஆம் நாள் ரத்தம். 20 கிராம் எலியின் மொத்த ரத்தமே ஏறத்தாழ 1.5 மி.லி.தான். ஒரு தடவைக்கு 150 மைக்ரோலிட்டர் போதும். அதில் பாதிக்கும் குறைவாகவே சீரம் கிடைக்கும்.

அந்தச் சீரத்தை எச்.ஐ. சோதனைக்கு (வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைப்பதைச் சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது) நேரடியாக எடுத்துப் போகாதீர்கள். சீரத்தில் இயல்பாகவே உள்ள சியாலிக் அமிலப் பொருள்கள் வைரஸைத் தடுத்து, இல்லாத ஆன்டிபாடியை இருப்பதாகக் காட்டும். 50 மைக்ரோலிட்டர் சீரத்துடன் அந்தப் பொருள்களை அழிக்கும் ஆர்டிஇ நொதி 150 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் 18 முதல் 20 மணி நேரம். பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம். பிறகு 300 மைக்ரோலிட்டர் உப்பு நீர். இப்போது அது 1:10. இதிலிருந்து இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் 25 மைக்ரோலிட்டர் சீரம், அதே அளவு வைரஸ் (4 எச்ஏ அலகு), அரை மணி நேரம் கழித்து 50 மைக்ரோலிட்டர் 0.5 சதவீதக் கோழி அல்லது வான்கோழிச் சிவப்பணு. ஆன்டிபாடி இருந்தால் சிவப்பணு குழியின் அடியில் குங்குமப் பொட்டு போல உட்காரும். இல்லையென்றால் வலையாகப் படரும். தட்டைச் சாய்த்துப் பாருங்கள்: உண்மையான பொட்டு கண்ணீராக வழியும். வழியாமல் நின்றால் அது பாதித் தடுப்புதான், எண்ணில் சேர்க்காதீர்கள்.

அண்மைக்கால எச்3என்2 ரகங்கள் பல கோழிச் சிவப்பணுவைப் பற்றுவதே இல்லை. அவற்றுக்கு கினிப் பன்றிச் சிவப்பணு வேண்டும். வைரஸின் இன்னொரு மேற்புரதமான நியூராமினிடேஸ் தானாகவே சிவப்பணுவைப் பற்றிக் குழப்பாமலிருக்க ஓசெல்டாமிவிர் மருந்து சேர்க்க வேண்டும். வைரஸை அன்றன்று மறுபடி அளந்து 4 அலகுதானா என்று பாருங்கள். 8 அலகாகிவிட்டால் எல்லா டைட்டரும் (எவ்வளவு நீர்த்த சீரம் வரை தடுக்கிறது என்ற எண்) ஒரு படி குறைந்து காட்டும்.

இனி வைரஸ் கொடுக்கும் கட்டம். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மயக்கம் ஆழமாக இருக்க வேண்டும். அரைகுறை மயக்கத்தில் எலி விழுங்கும் அல்லது ஊதித் தள்ளும். வைரஸ் நுரையீரலுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போய்விடும். அப்புறம் ஊசி போடாத எலியும் பிழைக்கும், 'தடுப்பூசி அபாரம்' என்று தப்பாக எழுத நேரும். கெட்டமின்–சைலசின் கொடுத்து, கால் விரலைக் கிள்ளினால் இழுக்கவில்லை என்று உறுதிசெய்து, எலியை நிமிர்த்திப் பிடித்து, 50 மைக்ரோலிட்டரை மூக்கின் இரு பக்கமும் சொட்டுச் சொட்டாக, மூச்சு இழுக்கும்போது விடுங்கள். கரைசல் பனிக்கட்டியின் மேல் இருக்கட்டும். மிச்சத்தை அன்றே எம்டிசிகே செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் நாய்ச் சிறுநீரகச் செல்) அளந்துவிடுங்கள்; கொடுத்ததாக நினைத்த அளவும் கொடுத்த அளவும் ஒன்றா என்று அதில்தான் தெரியும். பாதி எலிகளைக் கொல்லும் அளவை முன்கூட்டியே ரீட்–மென்ச் கணக்கு முறையில் கண்டுபிடித்து, அதில் 5 முதல் 10 மடங்கு கொடுப்பது வழக்கம்.

14 நாள், தினமும் ஒரே நேரத்தில் எடை. தொடக்க எடையில் 25 சதவீதம் குறைந்தால் அந்த எலியை வலியின்றி முடித்துவிட வேண்டும். தானாகச் சாகட்டும் என்று காத்திருப்பது கொடுமை, கணக்குக்கும் அது தேவையில்லை. மே மாதத்தில் ஏசி நின்றுபோனால் வெயிலே எடையைக் குறைத்துவிடும். வைரஸும் ஊசியும் கொடுக்காத ஒரு குழு கட்டாயம் இருக்கட்டும்.

3ஆம் நாளும் 6ஆம் நாளும் தனிக் குழு எலிகளின் நுரையீரலை எடுத்து அரைத்து, பிளேக் (செல் படலத்தில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டை) எண்ணுங்கள். பிளேக்கே வரவில்லை என்றால் முதலில் ஊடகத்தைப் பாருங்கள். அதில் சீரம் கலந்திருந்தால் டிபிசிகே-ட்ரிப்சின் என்ற நொதி வேலை செய்யாது. ட்ரிப்சின் எச்ஏ புரதத்தை வெட்டாமல் வைரஸ் அடுத்த செல்லுக்குப் போகாது.

கடைசியாக ஒரு பொறி. எலிச் சோதனைக்கு எல்லோரும் எடுப்பது 1934ல் கிடைத்த பிஆர்8 ரகம். முட்டையில் வளர்க்கும் தடுப்பூசி ரகங்களுக்கும் உள் மரபணுக்கள் பெரும்பாலும் அதே பிஆர்8தான். முழு வைரஸ் ஊசி போட்டு, பிஆர்8 உள் மரபணு கொண்ட வைரஸையே கொடுத்தால், எச்ஏ ஆன்டிபாடியா, உள் புரதத்துக்கு எதிரான டி செல்லா, எது காத்தது என்று சொல்ல முடியாது. ஊசி போட்ட எலியின் சீரத்தை மட்டும் வேறு எலிகளுக்கு மாற்றிப் பாருங்கள். இன்னொரு குழுவில் சிடி8 வகை டி செல்களை நீக்கிவிட்டு வைரஸ் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பதில் கிடைக்கும்.

ஏனுங்க, நாமக்கல்லுல நாளைக்குக் கோடிக்கணக்குல முட்டை வருதுங்க. ஃப்ளூ ஊசி முட்டையிலதான் செய்யறாங்கன்னு படிச்சேன். நம்ம முட்டைய வாங்கிக்க மாட்டாங்களா?
– லேயர் பண்ணையாளர், மோகனூர்

வாங்க மாட்டார்கள். உங்கள் பண்ணையில் சேவல் இல்லை, எனவே முட்டையில் கரு இல்லை. வைரஸ் வளர உயிருள்ள கரு வேண்டும். 9 முதல் 11 நாள் அடைவைத்த முட்டையில், கருவைச் சூழ்ந்த அல்லன்டாயிஸ் பையில் வைரஸைச் செலுத்தி, 33–35 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு குளிரூட்டி அந்த நீரை எடுக்கிறார்கள். குளிரூட்டாமல் திறந்தால் ரத்தக் குழாய் வெடித்து, சிவப்பணு வைரஸைப் பிடித்துக்கொள்ளும்.

தாய்க்கோழிக்குப் போட்ட ஊசிகளின் ஆன்டிபாடி மஞ்சள் கருவில் இறங்கும் என்பது இரண்டாவது தடை. எச்9என்2 (வீரியம் குறைந்த பறவைக்காய்ச்சல் ரகம்) ஊசி போட்ட கோழியின் முட்டையில் எச்9என்2 வைரஸை வளர்க்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆய்வகங்களுக்குக் குறிப்பிட்ட கிருமிகள் எதுவும் அண்டாத மந்தையின் முட்டை வேண்டும். அதற்கு வடிகட்டிய காற்று, தனிக் கட்டடம், மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை என்று செலவு வேறு தளத்தில் இருக்கிறது.

பறவைக்காய்ச்சல் வந்தா மொத்தக் கோழியவும் குழி தோண்டிப் புதைக்கறாங்க. அதுக்கு ஊசி போட்டுட்டா ஆகாதுங்களா?
– பிராய்லர் வளர்ப்பவர், பல்லடம்

உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் இந்தக் கேள்விக்கான விடை கோழியிலேயே நடந்த சோதனைகளில் இருக்கிறது.

கிருமியற்ற மந்தையின் 3 வாரக் குஞ்சுக்குக் கழுத்துத் தோலடியில் எண்ணெய் கலந்த ஊசி. 3 வாரம் கழித்து, முட்டையில் அளந்த கணக்கில் பத்து லட்சம் தொற்று அலகு எச்5 பறவைக்காய்ச்சல் வைரஸ் மூக்கு வழியாக. ஊசி போடாத கோழிகள் சில நாளில் செத்துவிடும். போட்டவற்றில் குறைந்தது 80 சதவீதம் பிழைக்க வேண்டும். பிழைத்த கோழியின் தொண்டையிலும் ஆசனவாயிலும் 2, 4ஆம் நாளில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: சாகாமல், நோய்க்குறியும் காட்டாமல், சில கோழிகள் வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும். சாவைத் தடுக்க எச்.ஐ. டைட்டர் 32 போதும். கொட்டுவதைக் குறைக்க 128க்கு மேல் வேண்டும். பண்ணையில் எல்லாக் கோழிக்கும் 128 வருவது அரிது. ஊசி போடாத கொட்டகையில் சாவே எச்சரிக்கை மணி. அரைகுறையாக ஊசி போட்ட கொட்டகையில் அந்த மணி அடிக்காது.

பிராய்லருக்கு இன்னொரு சிக்கல். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி முதல் வாரங்களில் ஊசியை முறித்துவிடும். அது இறங்கி, ஊசி போட்டு, எதிர்ப்பு ஏறுவதற்குள் 40 நாளில் கோழி லாரி ஏறிவிடும்.

2006ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதல் வந்ததிலிருந்து இந்தியா பின்பற்றுவது அழிப்பு, கண்காணிப்பு என்ற முறை; இப்போது 1 கி.மீ. சுற்றளவில் அழிப்பு, 10 கி.மீ. வரை கண்காணிப்பு. மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குப் போகும். வீரியம் குறைந்த எச்9என்2 கதை வேறு. அதற்குச் செயலிழந்த ஊசி நம் நாட்டில் உண்டு. அதைப் போடும்போது குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போடாமல், அறைச் சூட்டுக்கு வந்ததும் நன்றாகக் குலுக்கிப் போடுங்கள். கெட்டியான எண்ணெய் ஊசியில் சிக்கி, கோழிக்குக் கோழி அளவு மாறும்.

ஃப்ளூ குளிரில்தான் பரவும் என்கிறார்கள். எங்கள் நூற்பாலையில் கோடையிலும் ஈரப்பதமூட்டி ஓடுகிறது, வெப்பமும் உண்டு. எங்களுக்குப் பயமில்லைதானே?
– நூற்பாலைப் பணியாளர், கோவை சிங்காநல்லூர்

இதற்கு விடை தந்தது கினிப் பன்றி. அது ஃப்ளூவில் பெரிதாக நோய்ப்படாது, ஆனால் மனித வைரஸை நன்றாகப் பரப்பும். நியூயார்க் ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட சோதனையில், நோயுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் தனித்தனிக் கூண்டில், காற்று மட்டும் போய்வரும்படி வைத்தார்கள். 20 டிகிரியில், ஈரப்பதம் 20, 35 சதவீதத்தில் எளிதாகப் பரவியது, 50ல் குறைந்தது, 65ல் மறுபடி பரவியது, 80ல் நின்றது. 30 டிகிரியில் பரவவே இல்லை.

இதைப் படித்து நிம்மதியாகிவிட வேண்டாம். அடுத்த ஆண்டு அதே குழுவினர் 30 டிகிரியில் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டபோது தாராளமாகப் பரவியது. வெப்பம் காற்றுவழிப் பரவலை அடக்கும், நெருங்கிப் பழகுவதை அடக்காது. விடுதி அறை, பேருந்து, ஒரே மேசையில் சாப்பாடு எல்லாம் இரண்டாவது வகை. தமிழகத்தில் ஃப்ளூ ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஏறுவதையும் பார்க்கிறோம்.

எனக்கு வயது 62. சோதனையில் எலியும் ஃபெரட்டும் பிழைக்கின்றன. ஊசி போட்டும் எனக்குக் காய்ச்சல் வந்தது. எங்கே ஓட்டை?
– வாசகர், திருப்பூர்

சோதனை ஃபெரட் வாழ்நாளில் ஃப்ளூவையே பார்க்காதது. ரத்தத்தில் பழைய ஆன்டிபாடி இருந்தால் அதைச் சோதனையில் சேர்க்கவே மாட்டார்கள். நீங்களோ அறுபது ஆண்டுகளாகப் பல ரகங்களைப் பார்த்தவர். 1957 முதல் 1968 வரை சுற்றியது எச்2என்2. குழந்தையாக நீங்கள் முதலில் சந்தித்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். (1957 அலையின்போது இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் நம் பக்கத்து மலையில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில்தான் இருந்தது.) முதலில் பார்த்த ரகத்தின் நினைவை உடல் விடாது. புது ஊசி போட்டாலும் பழைய ரகத்துக்கு எதிரான ஆன்டிபாடியே முந்திக்கொண்டு ஏறும். தாமஸ் ஃபிரான்சிஸ் 1960லேயே இதை விரித்து எழுதினார். அதனால் இப்போது சில ஆய்வகங்களில், முதலில் ஒரு பழைய ரகத்தால் நோய்ப்படுத்தி, சில மாதம் விட்டு, பிறகு ஊசி போட்ட ஃபெரட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பார்வையில் மனித ஊசிக்கு இந்த முறையே பொருத்தமானது. செலவும் காலமும் கூடும் என்பதற்காக அதைத் தவிர்க்கக் கூடாது.

'டைட்டர் 40 வந்தால் பாதுகாப்பு' என்று சொல்லப்படுவதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 1972ல் மனிதத் தன்னார்வலர்களிடம் கிடைத்த அளவு அது. 40 இருப்பவர்களில் தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதே அதன் பொருள். எலியில் 40, கோழியில் 40 என்பதை மனிதரின் 40ஆக மாற்றிப் படிக்க முடியாது. ஊசியை விட்டுவிடாதீர்கள். உங்கள் வயதில் அது நிமோனியாவையும் மருத்துவமனைப் படுக்கையையும் குறைப்பதே பெரிய லாபம்.

தடுப்பூசியே நோயை அதிகமாக்கியது உண்டா?
– வாசகி, பொள்ளாச்சி

பன்றியில் உண்டு. எச்1 வகையின் ஒரு கிளையைச் செயலிழக்கச் செய்து, எண்ணெய் கலந்து ஊசியாகப் போட்டு, பிறகு ரகம் பொருந்தாத 2009 எச்1என்1 வைரஸைக் கொடுத்தபோது, ஊசி போட்ட பன்றிகளுக்கே நுரையீரல் கூடுதலாகக் கெட்டது. எச்ஏ புரதத்தின் தலையைப் பிடிக்காமல் தண்டைப் பிடித்த ஆன்டிபாடிகள், வைரஸ் செல்லுடன் கலப்பதை எளிதாக்கின என்று 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எல்லா ரகத்துக்கும் ஒரே ஊசி என்று தண்டைக் குறிவைப்பவர்கள் பன்றியிலும் சோதித்தே தீர வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இந்த விலங்குகளுக்காகக் கேட்க ஆள் இருக்கிறதா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்தியக் குழு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் அதில் பதிவுசெய்து, தனக்குள் ஓர் அறநெறிக் குழுவும் வைத்திருக்க வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எந்தக் கட்டத்தில் சோதனையை நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெறாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. குழுவில் இருப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: குறைவான எலி என்பதற்காக மட்டும் திட்டத்தைப் பாராட்டாதீர்கள். எண்ணிக்கை பற்றாமல் முடிவே கிடைக்காத சோதனையில் அத்தனை எலியும் வீண்.

காய்ச்சலோட பன்றிக் கொட்டகைக்கோ கோழிக் கொட்டகைக்கோ போகலாமுங்களா?
– பண்ணைத் தொழிலாளி, காங்கேயம்

போகாதீர்கள். 2009 எச்1என்1 வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிக்கும் வான்கோழிக்கும் பல நாடுகளில் போயிருக்கிறது. ஃபெரட் வளர்க்கும் ஆய்வகங்களில் ஜலதோஷம் உள்ள பணியாளரை அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கழித்துப் போங்கள். வேறு ஆளே இல்லையென்றால் முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவி, தீவனம் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூக்கைத் துடைத்த துணியைக் கொட்டகைக்குள் போடாதீர்கள்.